ஐயாயிரம் ஆண்டு என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்: வெளிநாட்டில் பரதம் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு

பதினாறு வருடம் ஆடியவள், வாய்மொழித் தேர்வில் நாலாவது கேள்வியிலேயே தடுக்கி விழுந்தேன். "பரதநாட்டியம் எவ்வளவு பழமையானது?" என்று கேட்டார் தேர்வாளர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "ஐயாயிரம் ஆண்டு" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "அது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். எப்படித் தெரியும்! சிறுவயதிலிருந்து பார்த்த அரங்கேற்றங்களில் தொகுத்து வழங்குபவர் மைக்கில் சொன்னதுதான். அதையா அங்கே சொல்ல முடியும்? சிரித்து மழுப்பினேன். அந்தச் சிரிப்புக்கு மதிப்பெண் கிடையாது.

இது லண்டனில். சென்னையில் நாட்டியத்தில் டிப்ளமா முடித்துவிட்டு வந்தவள் நான். இங்கே பள்ளிகளிலும் சமூகக் கூடங்களிலும் சொல்லித்தர வேண்டுமானால் ஏதாவது ஒரு ஆசிரியத் தகுதி கையில் இருப்பது நல்லது என்றார்கள். முதல் தடவை தேறவில்லை, இரண்டாம் தடவை தேறினேன். நடுவில் எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தில் நான் புதிதாக ஓர் அடவுகூட, ஓர் அடிப்படை அசைவுகூடக் கற்கவில்லை. கற்றதெல்லாம் வேறு.

பிரிட்டனில் பரதத்துக்குத் தேர்வா என்று ஊரில் ஆச்சரியப்படுகிறார்கள். 1904-இல் தொடங்கிய இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங் என்ற நடன ஆசிரியர் அமைப்பே பரதத்துக்கும் கதக்குக்கும் தனிப் பாடத்திட்டம் வைத்துப் படிப்படியாகத் தேர்வு நடத்துகிறது. புலம்பெயர்ந்த தமிழர்கள் நடத்தும் தேர்வுகளும் இருக்கின்றன. நான் எதற்குப் போனேன் என்பது முக்கியமில்லை, பயிற்சிக்காகப் பேசிப் பார்த்த வரையில் கேள்விகளின் போக்கு ஒன்றுதான். ஆடிக் காட்ட வேண்டும், வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும், வாயால் பதில் சொல்ல வேண்டும். நம் ஊரில் ஆடிவிட்டு வந்தவர்களுக்கு முதலாவதில் கவலையே வேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் காலை வாரும்.

முதலில் அந்த ஐயாயிரத்தை முடித்துவிடுகிறேன். இரண்டாம் முறைக்கு நான் தயார் செய்த பதில் இது. பழைய வடமொழி நூலான நாட்டிய சாஸ்திரத்தைக் கி.மு. 200-க்கும் கி.பி. 200-க்கும் இடையில் வைத்துப் பல அறிஞர்கள் பேசுகிறார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவியின் அரங்கேற்றமும் அவள் ஆடிய மேடையின் அளவுகளும்கூட வருகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் இருக்கின்றன, அதே கோயிலில் 108 கரணங்களில், அதாவது நடன நிலைகளில், 81 செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் நாம் இன்று ஆடும் வரிசையை, அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், ஜாவளி, தில்லானா என்று ஒழுங்குபடுத்தியவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. சதிர் என்றிருந்ததைப் பரதநாட்டியம் என்று அழைக்கலாம் எனச் சென்னை மியூசிக் அகாதமி தீர்மானம் போட்டது 1932-இல். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல். இந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்களில் பல அதற்குள் மேடையை விட்டே விலகியிருந்தன.

இதைச் சொன்னால் பெருமை குறைந்துவிடாதா என்று ஒரு தோழி கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐயாயிரம் என்றால் அடுத்த கேள்வியே கிடையாது. இப்படிச் சொன்னால் பத்துக் கேள்வி வருகிறது, பத்துக்கும் பதில் இருக்கிறது. இப்படிக் கோயிலுக்கு விடப்பட்ட தேவதாசிகளைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். நெளியாமல் பதில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நான் அதைக் கண்ணாடி முன் நின்று பழகினேன்.

அடுத்தது வகுப்பு. பார்வையாளராக ஒருவர் மூலையில் உட்கார்ந்திருக்க, பத்துப் பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் சொல்லித்தர வேண்டும். நான் அக்காவிடம் கற்ற மாதிரியே ஆரம்பித்தேன் (நாட்டிய ஆசிரியையை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம்). உடனே அரைமண்டி (முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலை), உடனே தட்டடவு (காலால் தரையைத் தட்டும் முதல் அடவு), தெய்யா தெய். குறிப்பில் அவர் எழுதியது மூன்றே வரி: உடலைச் சூடேற்றவில்லை, தரை என்னவென்று பார்க்கவில்லை, கேட்காமல் குழந்தையின் முட்டியைத் தொட்டுத் திருப்பினார்.

மூன்றும் சரிதான். சென்னை வெயிலில் உடம்பு தானாகவே சூடாக இருக்கும். இங்கே ஜனவரி மாலையில், கோட்டைக் கழற்றிய கையோடு வெறுங்காலால் தட்டினால் கணைக்கால் எலும்பு விண்ணென்று தெறிக்கும். தரைக்கு அடியில் காற்று இடைவெளி விட்டு மரம் பாவிய கூடமாகத் தேடுங்கள். சிமெண்டுத் தரைமேல் மரம் போலத் தெரியும் விரிப்பை ஒட்டியிருப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள். குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினால் சத்தமே சொல்லிவிடும்.

அரைமண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வருகிற பிள்ளைகளில் சிலர் பாலே கற்றிருப்பார்கள். இதைப் பார்த்ததும் "ஓ, ப்ளியே" என்பார்கள். ஆமாம் என்று விட்டுவிட்டால் போச்சு. அவர்களுக்கு அது இறங்கி ஏறுகிற வழி. நமக்கு அது குடியிருக்கிற இடம், அங்கேயே உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். பாதத்தை 180 பாகைக்குத் திருப்பச் சொல்லாதீர்கள். இடுப்பு மூட்டிலிருந்து எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவுதான் பாதமும் திரும்ப வேண்டும், முட்டி பாதவிரல்கள் போகும் திசையிலேயே மடங்க வேண்டும். பாதம் ஒரு பக்கமும் முட்டி ஒரு பக்கமும் போனால் பத்து வருடம் கழித்து வலிக்கும். இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். தொட்டுத் திருத்துவதற்கு முன் "தொடலாமா?" என்று கேட்பது முதல் வாரம் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. இங்கிலாந்தில் பள்ளிக்குள் போய்ச் சொல்லித்தர டி.பி.எஸ். என்ற பின்னணிச் சரிபார்ப்பும் வேண்டும். வரச் சில வாரங்கள் ஆகலாம், முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆடும் முன் பூமியைத் தொட்டு வணங்கும் நமஸ்காரம் பற்றிக் கேள்வி வரும். வேறு மதத்துப் பெற்றோர் ஒருவர் வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி, "இது வழிபாடா?" என்றார். மிதிக்கப் போகிறோம், அதனால் பூமியிடம் முதலில் மன்னிப்புக் கேட்கிறோம் என்றேன். இதுவும் வழிபாட்டிலிருந்து வந்ததுதான், விருப்பமில்லாத பிள்ளை கைகட்டி நின்றால் போதும் என்றும் சேர்த்தே சொன்னேன். இந்த இரண்டாவது வாக்கியத்தை விழுங்கிவிட்டு வெறும் உடற்பயிற்சி என்று பூசி மெழுகுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது.

இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் தனி ரகம். ஒரு பதம், அதாவது அபிநயத்துக்கான பாட்டு, சொல்லித்தந்துகொண்டிருந்தேன். நாயகி தோழியிடம், நீ போய் அவரை அழைத்து வா என்கிறாள். பன்னிரண்டு வயதுக்காரி ஒருத்தி கேட்டாள், "அவளே போய்ச் சொல்ல வேண்டியதுதானே, டீச்சர்?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் நான் திருப்பிக் கேட்டேன், "நீ நேராகக் கேட்க முடியாத விஷயத்துக்கு யாரை அனுப்புவாய்?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பாகிட்ட கேக்கணும்னா அம்மாவை" என்றாள். சரி, அந்த அம்மாவைப் பார்க்கிற மாதிரி தோழியைப் பார் என்றேன். கழுத்தைச் சாய்த்து, உதட்டைக் கடித்து, ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், நான் இரண்டு மாதமாகக் கத்தியும் வராத பாவம்.

இப்போது மேடை. இங்கே நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டால் பெரும்பாலும் விளக்கத்தோடு ஆடச் சொல்வார்கள். முதல் முறை நான் ஒற்றைக்கை முத்திரைகள் 28-ஐயும் பெயர் சொல்லிக் காட்டினேன். பதாகம், திரிபதாகம், அர்த்தபதாகம்... பத்தாவதில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இப்போதெல்லாம் பதாகம் ஒன்றே ஒன்றுதான். நான்கு விரலும் நீட்டி, கட்டைவிரலை மடக்கி வையுங்கள் என்று சபையையே செய்யச் சொல்கிறேன். முத்திரைகளை விளக்கும் பழைய நூலான அபிநய தர்ப்பணம் இந்தக் கைக்குத் தரும் பயன்களில் மேகம், காடு, இரவு, ஆறு, 'வேண்டாம்' என்ற மறுப்பு எல்லாம் உண்டு. அதே கையால் மேகம், அதே கையால் ஆறு, அதே கையால் வேண்டாம். மூன்றையும் காட்டினால் முத்திரை அகராதி இல்லை, கண்ணும் உடம்பும் சேர்ந்தால்தான் பொருள் என்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிடுகிறது.

அதைவிடப் பலித்தது தாளம். ஆதி தாளத்தைச் சபைக்குச் சொல்லித்தருகிறேன். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு. இரண்டு நிமிடத்தில் எல்லாரும் போட்டுவிடுவார்கள். பிறகு, பின்பாதியின் நான்கு எண்ணிக்கையில் எண்ணிக்கைக்கு நாலாகப் பதினாறு மாத்திரை இருக்கிறது, நான் ஒன்றை விட்டுவிட்டு 'தாதிகிணதொம்' என்ற ஐந்தை மூன்று முறை சொல்வேன் என்கிறேன். ஒன்றும் பதினைந்தும் பதினாறு. அடுத்த அடி விழுவது சமத்தில், அதாவது தாளம் மறுபடி தொடங்கும் முதல் எண்ணிக்கையில். அவர்கள் கை தட்டுகிற அதே நொடியில் என் கால் விழுகிறது. ஒரு நூலகத்தில் ஐம்பது பேர் முன்னால் இதைச் செய்தபோது முன்வரிசைத் தாத்தா ஒருவர் "ஹா!" என்று கத்தியேவிட்டார். அதன்பிறகு ஆடிய ஜதிஸ்வரத்துக்கு (பாடல் வரி இல்லாமல் ஸ்வரத்துக்கும் தாளத்துக்கும் ஆடுவது) நான் எதையுமே விளக்கவில்லை.

வர்ணத்துக்கு மட்டும் ஒரே ஒரு வாக்கியம் முன்னால் சொல்லிவிடுங்கள்: பாடுகிறவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார், ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் அதில் வேறொன்றைச் சொல்வார். இது தெரியாதவர்களுக்குப் பாட்டு சிக்கிக்கொண்ட இசைத்தட்டு மாதிரி கேட்கும். கதைச்சுருக்கம் மூன்று நிமிடம் படிக்காதீர்கள்.

சின்னச் சின்னதாகச் சில. குத்துவிளக்கு ஏற்றக் கூடத்தில் அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள், பல இடங்களில் நெருப்பு கூடாது. சலங்கை தரையைக் கீறும் என்று சிலர் தடுப்பார்கள், தோல் பட்டையின் அடியில் இருக்கும் கொக்கிகளை முன்கூட்டியே துணியால் மூடித் தைத்துவிடுங்கள்.

இரண்டாம் முறை வாய்மொழித் தேர்வில் அந்தப் பழமைக் கேள்வி வரவே இல்லை. எட்டு மாதம் உருப்போட்டது வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "உங்களுக்கு முன் இந்த நாட்டில் இதை ஆடியவர்கள் யார்?" என்றார் தேர்வாளர். 1930-களில் இங்கே ஆடிய இந்திய நடனக் கலைஞர் ராம் கோபாலிலிருந்து தொடங்கலாம், ஆனால் அதற்கும் நூறு வருடம் முன்னால் போக வேண்டும் என்றேன். 1838-இல் கடலூர் பக்கத்துத் திருவேந்திபுரத்திலிருந்து கோயில் நடனப் பெண்கள் சிலர் ஒப்பந்தம் பேசி அழைத்து வரப்பட்டு, பாரிஸிலும் லண்டனிலும் ஆடினார்கள். அவர்களில் அம்மணி என்பவரைச் சிற்பமாகச் செய்துகூட வைத்திருக்கிறார்கள்.

"அவர்களுக்கு யார் விளக்கம் சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த முறை சிரித்து மழுப்பாமல், தெரியாது என்றேன். அவர் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார்.