மா, டேங்க், ஹெக்டேர்

மன்னார்குடி, நீடாமங்கலம், வலங்கைமான் வட்டாரங்களில் பணியாற்றிய ஆண்டுகளில், வேளாண்மை அலுவலர் என்ற முறையில் பூச்சிக்கொல்லி ஆய்வாளர் பொறுப்பையும் நான் சேர்த்தே பார்த்தேன். பூச்சிமருந்துக்கடைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியவை எனக்கு மனப்பாடம். உரிமம் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கிறதா, மருந்து நிறுவனங்கள் தம் சரக்கை விற்க அனுமதித்துத் தரும் முதன்மைச் சான்றுகள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா, இருப்புப் பதிவேடும் அலமாரியும் ஒத்துப்போகின்றனவா, காலாவதியான சரக்கு தனியே வைக்கப்பட்டிருக்கிறதா, வாங்கியவருக்கு விற்பனைப் பட்டியல் (பில்) போட்டுக் கொடுக்கப்படுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து, மூன்று பங்காகப் பிரித்து, அரக்கு முத்திரையிட்டு, ஒரு பங்கைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஆய்வகத்துக்கு அனுப்பி, மூன்றாவதை நீதிமன்றத்துக்கென்று பத்திரப்படுத்துவேன். இவற்றில் எதிலும் நான் குறை வைத்ததில்லை. ஆனாலும் கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு விவசாயியிடம் என்ன சொல்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேட்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

1958-இல் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட உணவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விசாரணையின் தொடர்ச்சியாகப் பிறந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். இறக்குமதி, உற்பத்தி, விற்பனை, போக்குவரத்து, விநியோகம் ஆகியவற்றோடு 'பயன்பாடு' என்ற சொல்லும் அதன் முகப்பிலேயே இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 38-ஆவது பிரிவு, ஒருவர் தம் சாகுபடியில் உள்ள நிலத்தில் மருந்தைப் பயன்படுத்துவதற்கு இச்சட்டம் பொருந்தாது என்று விலக்களிக்கிறது. சிறு விவசாயியை வழக்குகளில் சிக்க வைக்கக் கூடாது என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது, அது நியாயமானதும்கூட. அதன் விளைவாக, புட்டி கடையின் படியைத் தாண்டிய பிறகு அதைப் பற்றிப் பேசுவதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போகிறது.

ஒரு மார்கழி மாதத்தில், ஆய்வுக்காகச் சென்ற கடையில் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஈரக்காலோடு வந்த ஒருவர் பிடுங்கிய நெல் தூர் ஒன்றை மேசைமேல் வைத்து, "அண்ணே, புகையான் விழுந்துடுச்சு, நல்ல மருந்தாக் கொடுங்க" என்றார். புகையான் என்பது நெல்லின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. கடைக்காரர் இரண்டு புட்டிகளை எடுத்து வைத்து, கூடவே ஒரு பயிர் டானிக்கையும் சேர்த்து, "டேங்குக்கு ரெண்டு மூடி" என்றார். அவ்வளவுதான் நடந்தது. புட்டியோடு வரும் துண்டுப்பிரசுரம் அளவை ஹெக்டேர் கணக்கில் சொல்கிறது. கைத்தெளிப்பானுக்கு ஹெக்டேருக்கு 500 லிட்டர் தண்ணீர் என்பது வழக்கமான பரிந்துரை. நம் விவசாயியோ மாக் கணக்கில் நினைக்கிறார். மூன்று மா ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாவுக்கு ஏறத்தாழ 67 லிட்டர், அதாவது பத்து லிட்டர் தெளிப்பான் டேங்கில் ஆறு, ஏழு டேங்க் அடிக்க வேண்டும். கடைக்காரர் சொன்னதோ மூடிக் கணக்கு. மூடி புட்டிக்குப் புட்டி மாறும். எத்தனை டேங்க் என்று அவரும் சொல்லவில்லை, வந்தவரும் கேட்கவில்லை.

தெளிப்பவருக்குக் கூலி டேங்க் கணக்கில்தான். ஆகவே கையில் காசு குறைந்தவர் ஏழு டேங்கை மூன்றாகக் குறைத்து, அதே மருந்தை அந்த மூன்றிலேயே ஊற்றிவிடுகிறார். கரைசல் இரு மடங்குக்கு மேல் கெட்டியாகிறது. ஆனால் தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்கார்ந்து சாறு உறிஞ்சும் புகையான் மீது அது படுவதில்லை. மேலே இலையில் மட்டும் நனைக்கும் மருந்தால் புகையானைத் தின்னும் சிலந்தியும் பொறிவண்டும்தான் சாகின்றன. அன்று கொடுக்கப்பட்ட புட்டிகளில் ஒன்று செயற்கைப் பைரித்ராய்டு கலந்த கூட்டு மருந்து. அந்த வகை மருந்து புகையானைப் பெருகவே செய்யும் என்பது வேளாண்மை படித்த எவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு மருந்துகளும் பதிவு பெற்றவை, முதன்மைச் சான்றில் இருப்பவை, பட்டியலும் போடப்பட்டது. எனவே பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு நான் வெளியே வந்தேன். தண்ணீரை வடியுங்கள், எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டுப் பட்டம் பிரித்துத் தூரில் படும்படி அடியுங்கள் என்று அந்த மனிதரிடம் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அன்று அது என் ஆய்வின் பகுதி அல்ல என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆய்வக முடிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பகுப்பாய்வாளர் அறிக்கை தர 30 நாள் அவகாசம் உண்டு. புகையான் ஒரு வயலைக் கருக்க அவ்வளவு நாள் எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை தரம் குறைந்தது என்று அறிக்கை வந்தபோது, அந்தத் தயாரிப்புத் தொகுதியில் கடையில் ஒரு புட்டிகூட மிச்சமில்லை. வாங்கியவர்களின் வயல்களில் அறுவடைப் பேச்சே தொடங்கியிருந்தது. வழக்கு நடந்தது. நட்டப்பட்டவர்களுக்கு அதனால் எதுவும் வரவில்லை.

அதைவிட என்னை மாற்றியது தெளிப்புக்கூலிக்குப் போன ஒருவர் வரப்பில் சுருண்டு விழுந்த நாள்தான். வாயில் எச்சில் வழிய, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, என்ன மருந்து என்று மருத்துவர் கேட்டார். நில உரிமையாளருக்குப் பெயர் தெரியவில்லை. உரிமையாளரின் மனைவி வயலுக்கு ஓடிப்போய்ச் சேற்றிலிருந்து புட்டியை எடுத்துவந்து, "இதாம்மா அடிச்சாங்க" என்று என் கையில் கொடுத்தார். சிவப்பு முக்கோணம், மண்டையோடு, மோனோகுரோட்டோபாஸ். அட்ரோபின் என்ற முறிமருந்து ஊசியால், விழுந்தவர் பிழைத்தார். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 1971-ஆம் ஆண்டு விதிகளில் கையுறை, முகமூடி, பாதுகாப்பு உடை பற்றியெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறது. ஆனால் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு அடித்த அவர் உடம்பில் இருந்தது கைலியும் நனைந்த பனியனும் மட்டுமே. ஆபத்தான மருந்தின் விற்பனையை அச்சட்டத்தின் 27-ஆவது பிரிவின்கீழ் மாநில அரசு 60 நாள் நிறுத்தி வைக்கலாம், மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை டெல்லியிலிருந்துதான் வர வேண்டும். இந்த மருந்தைக் காய்கறிகளில் அடிக்கக் கூடாதென்று 2005-இலேயே சொல்லப்பட்டது. மத்திய அரசின் தடை ஆணை 2023-இல்தான் வெளியானது.

அந்த விதிகளில் 2015-ஆம் ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பிறகு கடையில் வேளாண்மையோ வேதியியலோ படித்த ஒருவர் இருந்தாக வேண்டும் என்றானது. பழைய கடைக்காரர்கள் சிலர் வயதான காலத்தில் நோட்டுப் புத்தகத்தோடு பட்டயப் படிப்புக்குப் போனதை மதிப்போடு நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று, சட்டத்தில் இல்லாதது: பட்டியலின் பின்பக்கத்தில் பூச்சியின் பெயரையும், மாவுக்கு எத்தனை மில்லி, எத்தனை டேங்க் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்றேன். பலர் தலையாட்டினார்கள், எழுதியவர்கள் மூன்று பேர்தான். "எழுதிக் கொடுத்தா நாளைக்கு என்மேலதானே சார் வரும்?" என்று ஒருவர் என்னுடன் வந்த உதவி அலுவலரிடம் கேட்டார். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் எழுத அஞ்சும் அளவை வாயால் சொல்வது எப்படிச் சரியாகும் என்று நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்; அவர் பதில் சொல்லவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய சம்பாப் பருவத்தில் வலங்கைமான் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். இலைச்சுருட்டுப்புழுவுக்கு என்ன அடித்தீர்கள் என்று கேட்டதும், அந்த வீட்டு அம்மா எழுந்துபோய், எரவானத்தில் செருகியிருந்த நான்கைந்து பட்டியல்களை எடுத்துவந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அந்த மூவரில் ஒருவருடைய கையெழுத்து இருந்தது. ஒன்றில், "ஒரு மாவுக்கு ஏழு டேங்க், காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி அடிக்கவும்" என்று எழுதியிருந்தது.