லாரி ஆபீஸ் நாட்குறிப்பு: ஆயிரம் ரூபாயை யார் கணக்கில் எழுதுவது?

ஜூலை 8, 2025, செவ்வாய்

காலையில் ஆபீஸ் போனுக்கு ஒரு சலான் வந்திருந்தது. நம்ம பன்னிரண்டு சக்கர வண்டிதான். கொச்சியில் லோடு இறக்கிவிட்டுச் சங்ககிரி திரும்பும்போது, பெருந்துறைக்கு முன்னால் ரோட்டோரம் நின்று யாரோ எடுத்த படம். பெரிதாக்கிப் பார்த்தேன். முன்கண்ணாடியில் முக்கால்வாசி வெயில். கட்டித் தொங்கவிட்ட எலுமிச்சம்பழமும் மிளகாயும் தெளிவாகத் தெரிகின்றன, முகம் தெரியவில்லை. காதோடு ஒட்டிய ஒரு கை மட்டும். முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட காக்கிச் சட்டையைப் பார்த்ததும் நம்ம டிரைவர் பவானிக்காரர் என்று தெரிந்துவிட்டது.

வண்டி ஓட்டும்போது செல்போன், 1,000 ரூபாய். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் அபராதங்களை உயர்த்தியதிலிருந்து முதல் தடவைக்கு இதுதான். மறுபடி மாட்டினால் 10,000.

ஓனர் கண்ணாடியை மேலே தூக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார். "பேட்டாவுல புடிச்சிரும்மா" என்று, டிரைவரின் படிக்காசில் கழிக்கச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ட்ரிப் ஷீட்டை எடுத்தேன். டீசல், டோல், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பேட்டா, வழிச்செலவு. (இந்த வழிச்செலவில் என்னென்ன அடங்கும் என்று எழுதப் புகுந்தால் நாட்குறிப்பு போதாது.) பிடித்தம் என்ற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, சலானில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். 11.42. சும்மா ஒரு சந்தேகத்துக்கு ஆபீஸ் போனில் அன்றைய அழைப்புகளைத் தள்ளிப் பார்த்தேன். 11.40க்குப் பவானிக்காரருக்குப் போயிருக்கிறது, நாலு நிமிஷம். அந்த நேரத்தில் போன் ஓனர் கையில் இருந்தது.

பிடித்தத்தை எழுதவில்லை. ஷீட்டை மடித்து டிராயரில் வைத்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

பவானிக்காரர் வந்தார். டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, முகம் கழுவி, டீ குடித்துவிட்டுத்தான் ஆபீசுக்குள் காலெடுத்து வைப்பார். படத்தைக் காட்டினேன்.

"நாந்தானுங்க அம்மணி."

"யாருங்கண்ணா கூப்பிட்டது?"

சிரித்தார். "உங்குளுக்குத் தெரியாதுங்களா? டேங்க்குல டீசல் எவ்ளோ இருக்குன்னு கேட்டாருங்க. அப்பறம் பாலக்காட்டுல எதுக்கு அவ்ளோ நேரம் நின்னீங்கன்னு கேட்டாருங்க. எடுக்காம இருந்தா ஆவுங்களா? ரெண்டு தடவ எடுக்கலீன்னா, அடுத்த லோடு வேற ஆளுக்குப் போயிருமுங்க."

டீசல் எவ்வளவு இருந்தால் என்ன, வண்டி வந்து நின்றதும் பார்த்துக்கொள்ளக் கூடாதா? அந்த நாலு நிமிஷத்தில் ஐம்பதில் போயிருந்தாலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

அவரிடம் இன்னொன்றும் கேட்டேன், முன்பெல்லாம் போன் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. "கிளீனர் பையன் எடுப்பானுங்க. 'அண்ணன் ஓட்டிட்டு இருக்காரு, என்ன விசயம்'னு கேட்டு வெப்பான்." இப்போது கிளீனர் ஏது? வேலைக்கு வர ஆள் இல்லை, வந்தாலும் சம்பளம் கட்டுபடியாகவில்லை. தூரத்து ஊர்களுக்கு ஓடும் லைன் வண்டிகளில்கூட இடதுபக்க சீட்டில் தண்ணிக் கேனும் துணிப்பையும்தான் உட்கார்ந்து போகின்றன. அவன் செய்த வேலைகளில் தார்ப்பாய் கட்டுவதும் ரிவர்ஸ் பார்ப்பதும் எல்லார் நினைவிலும் இருக்கின்றன. போன் எடுப்பதும் ஒரு வேலை என்று யாருக்கும் தோன்றவில்லை. அது அப்படியே டிரைவர் தலையில் இறங்கிவிட்டது.

கிளம்பும்போது அவரே சொன்னார்: "என் கணக்குலயே எழுதிருங்க. கை என்னுதுங்க. ஆனா வண்டி ஓடறப்ப கூப்புட வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும். நாஞ்சொன்னா நல்லா இருக்காதுங்க."

ஜூலை 13, ஞாயிறு

சிவகிரி மாமன் வீடு. தோட்டத்திலிருந்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறார். பின்னால் சோளத்தட்டுக் கட்டு, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கழுத்துப் பிடிப்போ என்று பயந்து போனேன். கிட்டே வந்தபின் பார்த்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். மாட்டு வியாபாரியிடம் விலை பேசிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்து, பேசி முடித்த பிறகுதான் கழுத்தை நிமிர்த்தினார்.

"ஏனுங் மாமா, நிறுத்திப் பேசக் கூடாதுங்களா?"

"இருவதுல வாறன் கண்ணு. இதுக்குப் போயி..."

அக்கா பையன் அதற்கும் மேல். ஹெல்மெட்டுக்குள் கன்னத்தோரம் போனைச் செருகிக்கொண்டு கோபிக்குக் கிளம்பினான். ஹெல்மெட் போடுகிறானே என்று அக்காவுக்குப் பெருமை வேறு. அவன் ஹெல்மெட் வாங்கியதே போன் வைக்கத்தான்.

அவன் போன அரை மணி நேரத்தில் அக்கா போனை எடுத்தாள். "போய்ச் சேர்ந்துட்டானான்னு ஒருக்கா கேட்டுர்றேன்." கையைப் பிடித்துக்கொண்டேன். சேர்ந்திருந்தால் அவன் கூப்பிடுவான், சேராமலிருந்தால் இவள் கூப்பிடுவதுதான் ஆபத்து. அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது, சாப்பிடும்வரை பேசவில்லை.

பவானிக்காரர் கை தன்னுடையது என்றார். சரி. மணி அடித்தது யார் கை?

ஜூலை 18, வெள்ளி

ஓனரிடம் சொல்லிவிட்டேன். நான் நினைத்த அளவுக்குக் கோபப்படவில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்த வழி வேறு. சாயங்காலமே சேலம் போய் எல்லா டிரைவருக்கும் காதில் மாட்டும் புளூடூத் வாங்கி வந்துவிட்டார். "இனி கையில புடிக்க வேண்டாம். கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கேஸ் இருக்காது என்பது பெரும்பாலும் சரிதான். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமாக ஓட்டுவது பற்றிய 184ஆம் பிரிவில் கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியைத்தான் சேர்த்தார்கள். 2020 அக்டோபரிலிருந்து, கவனம் சிதறாத விதத்தில் வழி பார்க்க மட்டும் போனை வைத்துக்கொள்ளலாம் என்று விதியிலும் எழுதிவிட்டார்கள். ஆனால் சட்டம் பிடிப்பது கையை. முட்டுவது கவனம் போனதால்.

1997இல் கனடாவில் டொரண்டோவில் செய்த ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 பேரின் போன் பில்லை வாங்கி, முட்டிய நேரத்தையும் பேசிய நேரத்தையும் ஒத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு டிராயரைத் திறந்து வைத்துக்கொண்டு நான் பார்த்த அதே வேலை. பேசும்போது முட்டும் வாய்ப்பு நாலு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அது குறைந்ததாகத் தெரியவில்லை. இதை ஓனரிடம் சொன்னேன். "கனடாக்காரன் கனடாவுல ஓட்டறான்" என்றார். சங்ககிரிக்காரன் கண்ணும் மூளையும் வேறு மாதிரி போலிருக்கிறது.

பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு முன்னால் ரோடு தெரியும். குறுக்கே மாடு வந்தால் தானாக வாயை மூடுவான். சங்ககிரியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவருக்கு மாடும் தெரியாது, மண்ணும் தெரியாது. அவர் பாட்டுக்கு டீசல் கணக்கு கேட்பார். அறுபதில் போகும் வண்டி ஒரு வினாடிக்கு 17 மீட்டர் நகரும். நம்ம பன்னிரண்டு சக்கர வண்டியின் முழு நீளத்தைவிட அது அதிகம். "எவ்ளோ லிட்டரு?" என்று கேட்டு, டிரைவர் டீசல் முள்ளைப் பார்த்து, "பாதிக்குக் கீழ இருக்குங்க" என்று சொல்வதற்குள் எத்தனை லாரி நீளம் போயிருக்கும்?

இன்னொரு டிரைவர் எடப்பாடித் தம்பி புளூடூத்தை வாங்கியதும் பாட்டுப் போட்டுப் பார்த்தான். பவானிக்காரர் டப்பாவைப் பிரிக்காமல் டேஷ்போர்டில் போட்டுவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. கூடுதுறையில் கூட்டம், பவானி ஊருக்குள் வண்டிகள் நகரவில்லையாம். ஆபீசில் வேலை குறைவு. வண்டிகளின் இன்சூரன்ஸ் கோப்பைச் சரிபார்த்தேன்.

அப்போது தோன்றியதை எழுதி வைக்கிறேன். ஒரு உயிர் போனால் கேஸ் டிரைவர் பெயரில். போன வருஷம் ஜூலை முதல் தேதி வந்த புதுக் குற்றவியல் சட்டத்தில், அஜாக்கிரதையால் மரணம் ஏற்படுத்தினால் ஐந்து வருஷம் வரை சிறை, பழைய சட்டத்தில் இரண்டு வருஷம்தான். நஷ்டஈடு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. லைசென்ஸும் டிரைவருடையதுதான். ஓட்டும்போது போன் பேசினால் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வையுங்கள் என்று 2015இலேயே உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. பவானிக்காரருக்கு ஆயிரம் ரூபாய் ஒரு பொருட்டில்லை. மூன்று மாதம் ஸ்டியரிங் பிடிக்காமல் இருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. கோப்பு முழுக்கத் தேடிவிட்டேன். போன் பண்ணினவர் பெயரை எழுதுவதற்கு எந்தத் தாளிலும் கட்டம் இல்லை.

ஆகஸ்ட் 2, சனி

எழுதிப் பத்து நாளாகிவிட்டது. நடுவில் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஆயிரத்தை டிரைவர் பிடித்தத்தில் எழுதினேன். அவர் சொன்னது அது, நானும் யோசித்துப் பார்த்தேன், அதுதான் சரி. யார் கூப்பிட்டாலும் எடுக்காமல் இருக்க முடிந்த ஒரே ஆள் அவர். ஆனால் அதே ஷீட்டில், குறிப்பு என்ற இடத்தில், "11.40 ஆபீஸ் அழைப்பு, 4 நிமிஷம்" என்றும் எழுதினேன். ஓனர் கையெழுத்துப் போடும்போது அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஆபீஸ் போன் என் மேசையில்தான் இருக்கிறது.

வண்டி எங்கே என்று தெரிந்துகொள்ள டிரைவர் எதற்கு? வண்டி டோலைத் தாண்டியதும் ஃபாஸ்டேக் மெசேஜ் வருகிறது, எந்த டோல், எத்தனை மணி என்று. நாலு வருஷமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. பணம் கழிந்ததா என்று மட்டும் பார்த்துவிட்டு அழித்துக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு நோட்டில் வண்டிவாரியாகக் குறித்து வைக்கிறேன். டிரைவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் நிறுத்தும்போது அவர்களே கூப்பிட வேண்டும் என்று பேச்சு.

இன்று பவானிக்காரர் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் லைனில் போயிருக்கிறார். பதினொரு மணிக்கு, லோடு கொடுத்த சேலம் பார்ட்டி போனில் கத்துகிறார். "டிரைவர் போனையே எடுக்கறதில்ல. என்னங்க ஆபீஸ் நடத்தறீங்க?"

"கிருஷ்ணகிரி டோலை 10.17க்குத் தாண்டிருச்சுங்க. அவர் ஓட்டிட்டு இருக்காருங்க. நிறுத்தினதும் கூப்பிடச் சொல்றேன்."

"ஈ-வே பில் டைம் முடிஞ்சிருச்சுன்னா யார் பதில் சொல்றது?"

ஈ-வே பில் என்பது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு; ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த பில்லுக்கே கெடு. நம்ம வண்டி அதைவிட அதிகம் ஓடும். அப்படியே முடிந்தாலும், முடிகிற நேரத்துக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டித்துக்கொள்ளலாம். இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பாதியில் வைத்துவிட்டார்.

ஒன்றரைக்குப் பவானிக்காரர் ஓசூர் தாண்டிச் சாப்பிட நிறுத்திக் கூப்பிட்டார். பார்ட்டியிடமும் பேசச் சொன்னேன். பேசினாராம். அங்கேயும் ஏச்சுதான். அடுத்த லோடு தருவதைப் பற்றித் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றாராம்.

ஓனர் என்னைப் பார்த்து, "லோடு போச்சுன்னா நீதாம்மா பாத்துக்கோணும்" என்றார். போனை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. நாளை ஆடிப் பதினெட்டு, ஆபீஸ் லீவு. திங்கட்கிழமை காலையில் அந்தப் பார்ட்டிக்கு முதல் போன் நான்தான் போட வேண்டும். மனுஷன் அந்த நேரத்தில் கார் ஓட்டிக்கொண்டிருக்கக் கூடும், பத்து மணிக்கு மேல், கடையில் உட்கார்ந்த பிறகு போடலாம்.