கஜக்கோல்

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. புடவையை அறுத்து எடுத்ததும் அப்பா சுவரோரம் நிற்கும் கஜக்கோலை எடுத்து ஆறு கஜம் அளப்பார். மீட்டர் கணக்கில் அது ஐந்தரைக்குக் கொஞ்சம் கம்மி. அந்தக் கோல் தப்பாகக் காட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

அதைச் சொன்னவர் நம் பிசிக்ஸ் சார்.

1985 மே மாதம். வேலூரின் கத்திரி வெயிலில் பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ் நடந்தது நம் பேட்ச் நண்பர்களுக்கு நினைவிருக்கும். "ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசல்ல பூ விக்கிற அம்மா முழமும் உன் முழமும் ஒண்ணாடா?" என்று ஆரம்பித்தார். அப்பாவின் கோல் சரியாக இருக்கும் சார் என்று எழுந்து சொன்னேன். "அப்படியா? கொண்டா."

திங்கட்கிழமை ஆரணி பஸ்ஸில் கோலோடு வந்தேன். வராந்தாவில் ஸ்டீல் மீட்டர் ஸ்கேலுக்குப் பக்கத்தில் வைத்தார். 91.44 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய கோல் ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே குறைந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சார் என் தோளில் கை வைத்து, "இரு, இந்த ஸ்கேலும் சரியில்ல" என்றார். எஃகு மீட்டருக்கு, டிகிரிக்கு 11.5 மைக்ரோமீட்டர் நீளும். 20 டிகிரியில் சரியாக இருக்கும் ஸ்கேல், 42 டிகிரியில் கால் மில்லிமீட்டர் வளர்ந்திருக்கும்!

அப்படியென்றால் எதைத்தான் நம்புவது?

அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை ஒரு கோடி மீட்டர் என்று பிரெஞ்சுக்காரர்கள் 1791-ல் முடிவு செய்தது, அதற்காக டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை தெலாம்பர், மெஷான் என்ற இரண்டு வானியலாளர்கள் பல வருடம் அளந்தது, அவ்வளவு பாடுபட்டும் மீட்டர் 0.2 மில்லிமீட்டர் குட்டையாகிப்போனது என்று சொல்லிக்கொண்டே போனார். 1889-ல் வந்த பிளாட்டினம்-இரிடியம் கம்பியையும் பனி உருகும் வெப்பநிலையில் வைத்தால்தான் மீட்டர் என்று ஒப்புக்கொள்வார்களாம். 1960-ல் அதையும் விட்டுவிட்டு கிரிப்டான்-86 என்ற வாயு தரும் ஒளிக்குப் போனார்கள். ஒரு மீட்டர் என்றால் அந்த ஒளியின் 16,50,763.73 அலைநீளம் என்று நாம் உருப்போட்டது அதுதான்.

அப்புறம் சார் பென்சிலை எடுக்கச் சொன்னார். "புத்தகத்துல இருக்கிறது பழசாயிடுச்சு. 1983 அக்டோபர்ல மாத்திட்டாங்க. வெற்றிடத்துல ஒளி ஒரு விநாடியில 29,97,92,458-ல ஒரு பங்கு நேரத்துல போற தூரம். ஓரத்துல எழுதிக்கோங்க." புத்தகத்தில் அச்சான ஒரு வரியை நாமே திருத்தலாம் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தப் பென்சில் கோடுதான் காரணம்.

இங்கே சிங்கப்பூரில், அளவுக் கருவிகள் சரியா என்று சோதிக்கும் ஒரு கேலிபரேஷன் லேபில் நீளம் அளப்பதுதான் என் வேலை. அறை வருடம் முழுக்க 20 டிகிரி. ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு ஒளி, அலைநீளம் சுமார் 633 நானோமீட்டர். அந்த ஒளியின் இரண்டு கதிர்கள் சேரும்போது தெரியும் வெளிச்ச, இருட்டுப் பட்டைகளை எண்ணி எண்ணித்தான் தூரம் சொல்கிறோம். காலையில் லேசரைப் போடும்போதெல்லாம் சார் ஞாபகம்தான்.

அப்பா போனபிறகு கோலை இங்கே எடுத்து வந்துவிட்டேன். நுனி இரண்டும் கை பட்டுப் பட்டு மழுங்கி, பாலீஷ் போட்டது போலப் பளபளக்கின்றன. ஒரு சனிக்கிழமை மேனேஜரிடம் கேட்டுக்கொண்டு லேபுக்குக் கொண்டுபோனேன். ஒரு நாள் முழுக்க அந்தக் குளிரிலேயே கிடத்திவிட்டு அளந்தேன். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 912.8 மி.மீ., 20 டிகிரி.