மருமகளுக்கு ஒரு ஸ்ட்ரோலர்

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து இன்றோடு 19 நாள். ஸ்ட்ரோலர், அதாவது பிள்ளையைப் படுக்க வைத்துத் தள்ளும் வண்டி, தாய்மாமன் செலவு என்று முன்பே சொல்லிவிட்டேன்.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் டவுன் கடையில் முதலில் காட்டியது குடை மாதிரி மடக்கும் சின்ன வண்டி. தூக்கினால் பஞ்சு போல இருந்தது. ஆனால் சாய்மானம் பாதிதான் இறங்கியது. பச்சைப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது. உட்கார்ந்த வாக்கில் தலை முன்னால் தொங்கினால் மூச்சுப் பாதை அடைபடும். முதல் சில மாதம் முழுக்க மல்லாந்து படுக்கிற வண்டிதான் வேண்டும். இதில் மட்டும் விலை பார்க்காதீர்கள்.

அடுத்தது சக்கரம். எங்கள் வீடு தோட்டத்துக்குள். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசலிலிருந்து கோயில் வரை செம்மண்ணும் சரளையும்தான், செம்பனை லாரி ஓடி ஓடிக் குழி வேறு. பேரங்காடித் தரைக்குச் செய்த சின்னச் சக்கரம் இங்கே முதல் குழியிலேயே மாட்டிக்கொள்ளும். பெரிய சக்கரம், அதிர்வு தாங்கும் ஸ்பிரிங், ஒரே மிதியில் பின்சக்கரம் இரண்டையும் பூட்டும் பிரேக், தோள், இடுப்பு, கால் இடுக்கு மூன்றையும் பிடிக்கும் ஐந்து முனை வார் எல்லாம் பார்த்தேன். மடக்கி எங்கள் மைவி காரின் பின்பெட்டியில் வைத்துப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன்.

அம்மா, "வெயிலுக்குத் துணி போட்டு மூடிடுய்யா" என்றார். வேண்டாம் என்றேன். மூடினால் உள்ளே காற்று நின்று சூடு ஏறிவிடும். வண்டியின் கூரையும் நிழலும் போதும், பத்து மணிக்கு மேல் வெளியே தள்ளவும் கூடாது.

காருக்குக் குழந்தை இருக்கை தனி. 2020 முதல் சட்டமே இருக்கிறது. அதைச் சித்தப்பா வாங்குகிறார்.

பிள்ளைக்கு முப்பது நாள் முடிந்ததும் முதல் பயணம் மாரியம்மன் கோயிலுக்கு. தள்ளப்போவது நான்தான், தங்கச்சியிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.