அரெதூசாவைப் பார்க்க 25 யூரோ

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். இத்தாலியின் சிசிலியில், சிராகூசா ரயில் நிலையத்திலிருந்து அரெதூசா ஊற்று இருக்கும் ஒர்த்தீஜியா தீவுக்கு டாக்சிக்காரர் வாங்கியது 25 யூரோ. மீட்டரைக் காட்டிக் கேட்டால் கையை விரிக்கிறார். தீவு என்று பேர்தானே தவிர, பாலத்தைத் தாண்டினால் வந்துவிடுகிறது. திரும்பும்போது நடந்தேன், 25 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு யூரோ!

அன்றைக்கு மொத்த பட்ஜெட்டே 60. மதியச் சாப்பாட்டை ரொட்டியோடு முடிக்க வேண்டியதாயிற்று. அதுதான் அந்த நாளின் அதிர்ஷ்டம். சந்தையில் ஒருவர் என் கண்ணெதிரே ரொட்டியைப் பிளந்து, புகைபோட்ட சீஸ், வெயிலில் காய்ந்த தக்காளி, ஆலிவ் எண்ணெய் என்று அடுக்கிக்கொண்டே போனார். நடுவில் ஒரு துண்டு சீஸை வெட்டி என் கையிலும் வைத்தார். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. இரண்டு வேளைக்குத் தாங்கியது.

சரி, அரெதூசா. வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸின் தோழி, கிரேக்கப் புராணத்தில் சின்ன வேடம்தான். தென் கிரேக்கத்தில் அல்ஃபேயோஸ் ஆற்றில் குளித்தவளை அந்த ஆற்றுத் தேவனே துரத்த, ஆர்ட்டெமிஸ் அவளை நீராக்கி, பூமிக்கடியில் அனுப்பி, இங்கே ஊற்றாக எழுப்பினாள். அவனும் கடலுக்கடியிலேயே வந்து கலந்துவிட்டானாம். இதைக் காதல் கதை என்று விற்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. நாடு விட்டு ஓடி வந்தவளுக்கு இங்கேயும் நிம்மதி இல்லை, அவ்வளவுதான்.

அல்ஃபேயோஸ் கரையிலுள்ள ஒலிம்பியாவில் காளைகளைப் பலியிட்டால் இந்த ஊற்று கலங்கும், அங்கே ஆற்றில் போட்ட கோப்பை இங்கே மிதக்கும் என்றெல்லாம் அந்தக் காலத்தில் நம்பினார்கள். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார்.

மேலே சுவரோரம் நின்று ஊற்றைப் பார்க்கக் கட்டணம் இல்லை. கீழே வட்டக் குளம், நடுவில் ஆளுயரத்துக்கு மேல் பாப்பிரஸ் கோரை, அதன் நிழலில் வாத்துகள். சுவருக்கு அந்தப் பக்கம் நாலடியில் உப்புக் கடல். 1798-இல் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கப்பற்படை தண்ணீர் பிடித்ததும் இந்த ஊரில்தான். ஒரு வாத்து ஒற்றைக் காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய சிராகூசா வெள்ளிக்காசில் அவள் முகம்தான், சுற்றி நான்கு டால்பின்கள். அந்த முகம் போட்ட காந்தவில்லை 4 யூரோ என்றார்கள். பேரம் பேசி மூன்றுக்கு வாங்கினேன்.

போகும் வழியை விவரமாக எழுத நினைத்தேன், இடமில்லை. சிசிலியின் கத்தானியா நகரிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். இறங்கியதும் டாக்சி நிற்கும் பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.