நம்ம ஊர் மண் என்று நம்பி

தேவகோட்டை வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து, போன தை மாதம் பூத்த கமேலியாவின் படத்தை ஆத்தாவிடம் காட்டினேன்.

"ரோசாவா?"

"இல்ல ஆத்தா, தேயிலைக்குப் பங்காளி." ஐயா கொழும்பில் கடை வைத்திருந்தவர். தேயிலை என்றதும் ஆத்தா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டது.

அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் வீடு வாங்கிய புதிதில் கமேலியா வைக்கக் கொல்லையில் மண்வெட்டி போட்டேன். செக்கச்செவேல் என்று மண்! அப்புறம் என்ன, தென்னம்பிள்ளைக்கு வெட்டுகிற மாதிரி மூன்றடிக் குழி, அடியில் எரு, சுற்றி வட்டப்பாத்தி, பாத்தி நிறையத் தண்ணீர். கூரையில் விழும் மழையை வளவு முற்றத்தில் பிடித்துவைக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரை ஓடவிட மனசு வராது.

ஆறு மாதத்தில் இலை மஞ்சளாகித் தொங்கியது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துக் கிடந்தது. இரண்டு விரலால் உருவினேன், தோல் மட்டும் கையோடு வந்தது.

நிறம்தான் நம்ம ஊர். அங்கே அது களிமண். குழி வெட்டினால் அண்டா மாதிரி தண்ணீரைக் கட்டிவைக்கும். "உயர்த்தி நடு," என்றார் பக்கத்து வீட்டுப் பெரியவர், முதல் செடியை நட்டபோதே சொல்லியிருக்கலாம்.

அடுத்த கன்றுக்கு ஆழம் குறைத்து அகலமாக வெட்டினேன். வேர்க்கட்டியின் தலை தரைக்கு இரண்டு விரற்கடை மேலே. மூடாக்குக்குப் பைன் சருகு, தண்டை ஒட்டாமல். காலை வெயில் படும், பிற்பகலில் நிழல் விழும் இடம். மண் புளிப்பாக இருக்க வேண்டும், புளிப்பைச் சொல்லும் பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை. வேர் மேலாகவே ஓடுவதால் கொத்திவிடக் கூடாது.

கவாத்திலும் அடிபட்டேன். கோடையிலேயே மொட்டுக் கட்டிவிடுகிற செடி. தெரியாமல் ஆவணியில் அழகு பார்த்து வெட்டியதில் அந்த வருடப் பூ மொத்தமும் போச்சு. பூத்து முடிந்த கையோடு வெட்டுவதுதான் சரி. ஃபோர்ட் வேலியில் அமெரிக்க கமேலியா சங்கத்தின் தோட்டத்துக்குப் போய் வந்தபின் சசான்குவா வகையும் ஒன்று வைத்தேன். அது ஐப்பசி, கார்த்திகையிலேயே பூக்கும். ஜபோனிகா என்கிற வகை தை, மாசியில், சுற்றிலும் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது.

"ஒரு குச்சி ஒடிச்சுக் கொண்டாந்திருந்தா இங்கயும் ஊன்றலாம்ல?"

"சித்திரை வெயில் தாங்காது ஆத்தா. குளிர் வேணும் அதுக்கு."

ஆத்தா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தது.

"மணக்குமா?"

"இந்த வகை மணக்காது."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மல்லிகை தொடுக்கப் போய்விட்டது.