முகம் ஒரு பக்கம், உடம்பு மறுபக்கம்

ஜூன் 3
கேஸ் ஷீட்டில் இன்றும் அதே வரி: "கைகால் பலம் சரி, பக்கவாதம் இல்லை." மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் பக்கவாட்டில் ரத்தக்குழாய் அடைப்பு என்றால் கைகால் பலம் அப்படியேதான் இருக்கும். படுத்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. எழுப்பி உட்கார வைத்தால் இடப்பக்கமாகச் சாய்கிறார். நடக்கவிட்டுப் பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

ஜூன் 4
விக்கல் நிற்கவில்லை.

ஜூன் 5
ஜெர்மன் மருத்துவர் வாலன்பெர்க் 1895-ல் விவரித்த அதே கோலம். இட இமை லேசாக இறங்கி, கண்பாவை சுருங்கியிருக்கிறது. விளக்கை அணைத்துப் பார்க்க வேண்டும். வலப் பாவை விரியும், இது விரியாது. டியூனிங் ஃபோர்க் எனும் இசைக்கவையின் உலோகம் வலக் கன்னத்தில் சில்லென்கிறது, இடக் கன்னத்தில் இல்லை. கழுத்துக்குக் கீழே தலைகீழ்: வலக் கையில்தான் குளிர் தெரியவில்லை. முகத்தின் வலி, சூடு அறியும் பாதை அதே பக்கமாக முகுளத்துக்குள் இறங்குகிறது. உடம்பின் பாதையோ தண்டுவடத்திலேயே பக்கம் மாறி ஏறி வருகிறது. ஒரே அடைப்பு இரண்டையும் கெடுக்கிறது. பஞ்சால் மட்டும் தொட்டுப் பார்த்தால் இது தப்பிவிடும்.

ஜூன் 6
தண்ணீர். பாசத்தில் யாராவது ஒரு வாய் கொடுத்துவிடுவார்களோ என்றே நாள் முழுக்கப் பயம். குரல் கம்மியிருக்கிறது, "ஆ" சொன்னால் உள்நாக்கு வலப்பக்கம் இழுக்கிறது. விழுங்கும் சோதனை முடியும்வரை மாத்திரைகூட வாய்வழி வேண்டாம். நிமிர்த்தி உட்கார வைத்து, முதலில் ஒரு டீஸ்பூன். இருமினாலோ குரல் களகளத்தாலோ அத்தோடு நிறுத்த வேண்டும். இருமல் வராமலே நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு. அதுதான் தூங்கவிடுவதில்லை.

ஜூன் 8
சி.டி. நார்மலாம், எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு இல்லை. பின்மூளைப் பகுதியை எலும்பின் நிழல் மறைக்கும். எம்.ஆர்.ஐ.கூட முதல் 48 மணி நேரத்தில் சிறிய அடைப்பைத் தவறவிடலாம். தலைசுற்றல் ஓயாமல் இருக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும். என் மூக்கையே பார்க்கச் சொல்லி, தலையைச் சட்டென்று திருப்பியும் பார்வை நழுவவில்லையா, உள்காதை அல்ல, மூளையைச் சந்தேகி. வலம் பார்க்கையில் வலமும், இடம் பார்க்கையில் இடமுமாகக் கண் துடிக்கிறதா, அப்போதும் மூளைதான். கண்களை மாற்றி மாற்றி மறைக்கையில் ஒன்று மேலோ கீழோ நகர்ந்தாலும் அதே. சுற்றல் நின்றுபோனவரிடம் இந்தச் சோதனை செல்லாது. கழுத்துவலியோடு வந்தவரின் தலையைத் திருப்பவே கூடாது, ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம்.

ஜூன் 9
புதியவர். வல இமை முழுதாக மூடி, கண் வெளிப்பக்கம் ஒதுங்கி, இடக் கைகால் விழுந்திருக்கிறது. அடைப்பு மூளைத்தண்டின் மேல்பகுதியான நடுமூளையில், வலப்பக்கம்.

ஜூன் 11
"கோமா" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மேலே பார்க்கச் சொன்னதும் பார்த்தார். மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸின் முன்பகுதி இருபுறமும் போனாலும் மேலும் கீழும் பார்ப்பதும் இமைப்பதும் மிஞ்சும், நினைவும் முழுதாக இருக்கும். மேலே பார்த்தால் ஆம், கீழே பார்த்தால் இல்லை. அட்டையில் எழுதித் தலைமாட்டில் ஒட்டியாயிற்று. முதல் கேள்வி, வலிக்கிறதா.

மேலே பார்த்தார்.